கௌதாரிக் குஞ்சைக் கொன்றது யார்?

பறவைகளைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிய ஒருவருக்கு என்ன வேலை கிடைக்கும்? கல்லூரியில் பாடம் நடத்தலாம், வனத்துறைக்குப் போகலாம் என்றுதான் நாம் நினைப்போம். இங்கிலாந்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. கௌதாரி எண்ணும் வேலை. பட்டம் வாங்கியவரை இரண்டு மூன்று வருடத்துக்குச் சம்பளத்தில் அமர்த்தி, "இந்தப் பறவை ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது, கணக்குப் போட்டுச் சொல்" என்று கேட்கிறார்கள். போஸ்ட்டாக் ஆராய்ச்சிப் பணி என்று இதற்குப் பெயர்.

இதை எங்கள் பக்கத்துத் தோட்டத்து நண்பரிடம் சொன்னபோது, "ஏனுங் சார், கௌதாரி எண்ணுறதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க?" என்று சிரித்தார். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்த எண்ணிக்கை கண்டுபிடித்த விஷயம் சிரிக்கிற விஷயம் இல்லை. களைக்கொல்லி ஒரு பறவை மேல் ஒரு சொட்டுக்கூட விழாமல், அந்தப் பறவைக்கு விஷம் ஏறாமல், அதன் இனத்தையே எப்படித் துடைத்துப் போடும் என்று நிரூபித்த கதை அது. இயற்கை உழவர்கள் நாம் அனுபவத்தில் சொல்வதை, ஐம்பது வருட நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் சொல்கிறார்கள்.

பத்து லட்சம் ஜோடி இருந்த பறவை

இங்கிலாந்தின் சாம்பல் கௌதாரி, நம்ம ஊர்க் கௌதாரிக்குப் பங்காளி முறை. இனம் வேறு, குடும்பம் ஒன்று. தரையில் கூடு கட்டும். பறப்பதைவிட ஓடுவதில் கெட்டிக்காரப் பறவை. குடும்பம் குடும்பமாக வயலில் மேயும். சுமார் 15 முட்டை இடும். பறவைகளிலேயே ஓர் ஈட்டில் இத்தனை முட்டை இடுவது மிக அபூர்வம். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்குக்கு வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அந்த நாட்டில் பத்து லட்சம் ஜோடிக்கு மேல் இருந்தன. வருடத்துக்கு இருபது லட்சம் வரை வேட்டையில் சுட்டார்கள். அப்படியும் மறு வருடம் அதே அளவுக்குத் திரும்ப வந்தன. 1950-களில் குறையத் தொடங்கியது. 1960-களின் நடுவில் இருந்ததில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இன்றைக்கு இல்லை. மிச்சம் இருப்பது 40,000 ஜோடிக்கும் கீழே.

காரணம் என்ன என்று அன்றைக்கு ஆளுக்கொன்று சொன்னார்கள். மழை என்றார்கள், குளிர் என்றார்கள். நரி பெருத்துவிட்டது என்றார்கள். விஷம் என்றும் சொன்னார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. 1950-களின் கடைசியில் ஆல்ட்ரின், டைல்ட்ரின் கலந்து நேர்த்தி செய்த விதையைத் தின்று வயல்வெளியில் பறவைகள் கும்பல் கும்பலாகச் செத்து விழுந்தன. ரேச்சல் கார்சன் அமெரிக்காவில் 'மௌன வசந்தம்' எழுதி வெளியிட்டது 1962-ல். அதே காலத்தில்தான் இங்கிலாந்திலும் வசந்தகால விதைப்புக்கு அந்த மருந்துகளைக் கலப்பதை நிறுத்த ஏற்பாடு செய்தார்கள். செத்து விழுவது நின்றது. மற்ற சில பறவைகள் மெல்லத் தேறின. கௌதாரி மட்டும் தேறவில்லை. குறைந்துகொண்டே போனது.

விஷம் போனபிறகும் ஏன் குறைகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் ஆள் வைத்தார்கள்.

குன்றுகளில் ஒரு நோட்டுப் புத்தகம்

டிக் பாட்ஸ் என்பவர் முனைவர் ஆய்வைக் கடற்பறவைகளைப் பற்றிச் செய்தவர். 1968-ல் தென் இங்கிலாந்தின் சசெக்ஸ் மாவட்டத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் கௌதாரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். எடுத்துக்கொண்ட பரப்பு 62 சதுர கிலோமீட்டர், நம் கணக்கில் சுமார் 15,000 ஏக்கர். எல்லாமே தனியார் பண்ணைகள். கோதுமை, பார்லி, மேய்ச்சல் புல் என்று சாதாரணமாக வெள்ளாமை நடக்கிற நிலம். ஆய்வுக்கென்று வேலி போட்ட பாத்தி ஒன்றுகூட இல்லை.

அவர் செய்த காரியம் கேட்பதற்கு எளிமையானது. அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும்போது வயல் வயலாகப் போய்க் கௌதாரியை எண்ணுவது. சேவல் எத்தனை, பெட்டை எத்தனை, அந்த வருடத்துக் குஞ்சு எத்தனை என்று எழுதுவது. இது ஒரு நோட்டு. 1970 முதல் இன்னொரு நோட்டும் சேர்ந்தது. ஒவ்வொரு ஜூன் மாதமும், அதாவது குஞ்சு பொரிக்கிற சமயத்தில், சுமார் நூறு தானிய வயல்களில் பூச்சி எடுப்பது. எஞ்சின் வைத்து உறிஞ்சும் ஒரு கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு பயிருக்குள் இருக்கும் பூச்சி புழுவை எல்லாம் உறிஞ்சி எடுத்து, வகை பிரித்து எண்ணினார்கள். அந்த வயலில் என்ன களை இருக்கிறது என்பதையும் கூடவே குறித்தார்கள்.

மறு வருடமும் அதே வயல், அதே மாதம், அதே முறை. அதற்கடுத்த வருடமும் அப்படியே. பாட்ஸ் 2017-ல் காலமானார். நோட்டு நிற்கவில்லை. ஆரம்பத்தில் எடுத்த பரப்பில் ஏறக்குறையப் பாதியில் இன்றும் எடுக்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கும் மேல் ஒரே வெள்ளாமைக் காட்டில் பயிர், களை, பூச்சி, பறவை நான்கையும் சேர்த்து எழுதிய கணக்கு உலகத்தில் வெகு அபூர்வம்.

வரவு செலவுக் கணக்கு

வங்கியில் முப்பத்துச் சொச்சம் வருடம் பேரேடு பார்த்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் சட்டென்று பிடிபட்டது. 'உயிரினத் தொகை இயக்கவியல்' என்று பாடப் புத்தகத்தில் பெரிய பெயர் இருக்கும். விஷயம் வரவு செலவுதான். வருட ஆரம்பத்தில் இருப்பு எவ்வளவு, குஞ்சாக வந்த வரவு எவ்வளவு, செத்த செலவு எவ்வளவு, வருடக் கடைசியில் இருப்பு எவ்வளவு.

இருப்பை மட்டும் பார்த்தால் குறைகிறது என்று தெரியும். எந்த இனத்தில் கசிகிறது என்று தெரியாது. அதனால் பாட்ஸ் வாழ்க்கையை வரிசையாகத் துண்டு போட்டார். முட்டை இட்டது, அடை கிடந்தது, பொரித்தது, குஞ்சு ஆறு வாரம் பிழைத்தது, குளிர்காலம் தாண்டியது. எந்தத் துண்டில் அதிகமாகப் போகிறது?

கசிந்த இடம் குஞ்சு. களைக்கொல்லி பரவலாக வருவதற்கு முன் பொரித்த குஞ்சில் சராசரியாகப் பாதிக்குக் கிட்டப் பிழைத்திருக்கிறது. வந்தபிறகு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. சில வருடங்களில் அதற்கும் கீழே.

பாதிக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இவ்வளவு வித்தியாசமா என்று தோன்றலாம். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்களை நானே விளங்குவதற்காக வைத்துக்கொள்கிறேன்.

வசந்தத்தில் 100 ஜோடி. பாதிக் கூடு நரிக்கும் காக்கைக்கும் போய்விடுகிறது என்று வைப்போம். மீதி 50 கூட்டில் கூட்டுக்கு 14 குஞ்சு, ஆக 700 குஞ்சு. வளர்ந்த பறவையில் 170 மிஞ்சுகிறது. குளிர்காலத்தில் மொத்தத்தில் நூற்றுக்கு 55 போய்விடுகிறது.

குஞ்சில் நூற்றுக்கு 45 பிழைத்தால், 315 குஞ்சும் 170 பெரியதும் சேர்ந்து 485. குளிர்காலம் தாண்டியது 218. அதாவது 109 ஜோடி. இருப்பு கூடியிருக்கிறது.

நூற்றுக்கு 25 மட்டும் பிழைத்தால், 175-ம் 170-ம் சேர்ந்து 345. குளிர்காலம் தாண்டியது 155. ஏறக்குறைய 78 ஜோடி. அடுத்த வருடம் 78-ல் இருந்து தொடங்க வேண்டும். இப்படியே பத்து வருடம் போனால் 100 ஜோடி இருந்த இடத்தில் 8 ஜோடி நிற்கும்.

ஒரே ஒரு பறவை விஷம் தின்று சாகவில்லை. வயலில் ஒரு பிணம்கூடக் கிடக்கவில்லை. விவசாயி தினமும் தோட்டத்துக்குப் போய் வருகிறார், அங்கங்கே கௌதாரி கத்துவதும் கேட்கிறது. பத்து வருடத்தில் முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட கசிவை எண்ணினால் ஒழியக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

களை போனால் புழு போகும்

சரி, குஞ்சு ஏன் சாகிறது? பெரிய கௌதாரி தானியம், களை விதை, இலை தின்னும். ஆனால் பொரித்த முதல் இரண்டு வாரம் குஞ்சுக்குப் பூச்சி புழுதான் சாப்பாடு. இறகு முளைக்கவும் உடம்பு சூடு பிடிக்கவும் புரதம் வேண்டும். தாய்க் கௌதாரி புறா மாதிரி ஊட்டாது. கோழி மாதிரி கூட்டிக்கொண்டு போய்க் காட்டும், குஞ்சுதான் பொறுக்கித் தின்ன வேண்டும். அதனால் பயிருக்குள் மெதுவாக நகர்கிற, மெத்தென்ற, குஞ்சு வாய்க்கு அடங்குகிற பூச்சி நிறைய இருக்க வேண்டும். ரம்ப ஈயின் புழு, இலைவண்டு, கூன்வண்டு, சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள், அந்துப்பூச்சிப் புழு.

இதில் பல பூச்சிகள் கோதுமைப் பயிரை நம்பி இருப்பவை அல்ல. கோதுமைக்கு அடியில் தரையோடு படர்ந்திருக்கும் களைகளை நம்பி இருப்பவை. ஒரு வகைக் களை போனால் அதையே தின்று வாழும் வண்டும் போகும். 1940-களில் எம்.சி.பி.ஏ., 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் வந்தன. 1960-களுக்குள் அந்த நாட்டின் பெரும்பாலான தானிய வயல்களில் தெளிப்பு வழக்கமாகிவிட்டது. வயல் சுத்தமாக இருந்தது. குஞ்சுக்கு அந்தச் சுத்தமே பஞ்சம்.

பசித்த குஞ்சு சும்மா நிற்காது. தாய் அதைக் கூட்டிக்கொண்டு இரை தேடி அதிக தூரம் நடக்கும். நடக்கிற தூரம் கூடக் கூட மழையில் நனைவதும், குளிரில் விறைப்பதும், நரி கண்ணில் படுவதும் கூடும். கடைசியில் செத்த குஞ்சைப் பார்ப்பவருக்கு, மழை கொன்றது போலவும் நரி கொன்றது போலவும்தான் தெரியும்.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 1980-களில் ஹேம்ப்ஷயர் மாவட்டத்தில், வயலின் ஓரம் சுற்றிலும் 6 மீட்டர் அகலத்துக்கு மட்டும் மருந்து தெளிக்காமல் விட்டார்கள். நடுவில் வழக்கம்போலத் தெளித்தார்கள். ஓரம் விட்ட வயல்களில் ஒரு தாய்க்கு மிஞ்சிய குஞ்சு, முழுக்கத் தெளித்த வயல்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. 6 மீட்டர் என்பது இருபது அடி. அவ்வளவு இடத்துக் களையே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது.

சசெக்ஸ் பூச்சிக் கணக்கின் 42 வருடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றும் பார்த்தார்கள். வெயிலும் வறட்சியும் வந்த வருடம் சில பூச்சிகள் குறைகின்றன, பிறகு பெரும்பாலும் மீண்டுவிடுகின்றன. நீண்ட காலக் குறைவோடு ஒத்துப்போவது தட்பவெப்பத்தைவிட மருந்துத் தெளிப்புத்தான்.

உழவும் ஒரு காரணம்

களைக்கொல்லியை நிறுத்திவிட்டோம், நம் வேலை முடிந்தது என்று நாம் இருந்துவிட முடியாது. இந்த ஆராய்ச்சி இயற்கை உழவருக்கும் சில கேள்வி வைக்கிறது.

முதலாவது உழவு. ரம்ப ஈயின் புழு கோடையில் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த வருடம் வரை அங்கேயே கிடக்கும். அறுவடை ஆனதும் புரட்டிப்போட்டால் அதில் கணிசமான பங்கு அழிந்துவிடும். சசெக்ஸில் பழைய முறை வேறாக இருந்தது. தானியம் விதைக்கும்போதே அதனடியில் புல்லும் க்ளோவர் தீவனமும் சேர்த்து விதைப்பார்கள். கதிர் அறுத்தபின் உழாமல் அப்படியே மாடு, ஆடு மேய விடுவார்கள். இரண்டு மூன்று வருடம் மண் புரளாது. அந்தப் பழக்கம் நீடித்த இடங்களில் ரம்ப ஈ அதிகம் கிடைத்தது. மூடுபயிர், மேய்ச்சல் சுழற்சி என்று நாம் பேசுவது மண்ணுக்கு மட்டும் நல்லதல்ல என்று இதிலிருந்து தெரிகிறது.

இரண்டாவது வேலி. டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று வயல்களுக்கு நடுவில் இருந்த வேலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். கௌதாரி கூடு கட்டுவது வேலியடிப் புல்லில். வேலி போனதும் வீடு போனது.

மூன்றாவது இரைகொல்லிகள். இதை நம்மவர்கள் சிலர் ஏற்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்ல வேண்டும். 1980-களில் சாலிஸ்பரி சமவெளியில் ஆறு வருடம் ஒரு சோதனை நடந்தது. இரண்டு பகுதிகள். ஒன்றில் மூன்று வருடம் நரி, காக்கை போன்றவற்றை அடைகாலத்தில் கட்டுப்படுத்தினார்கள், மற்றதில் விட்டுவிட்டார்கள். பிறகு மாற்றிச் செய்தார்கள். கட்டுப்படுத்திய பகுதியில் மூன்று வருடத்தில் வசந்தகால ஜோடி 2.6 மடங்கு ஆனது. ஆக நரியைக் குறை சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. உணவு குறைந்து, மறைவும் குறைந்த இடத்தில் நரியின் அடி பலமாக விழுகிறது.

1986-ல் பாட்ஸ் இதையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகமே எழுதினார். குஞ்சுக்குப் பூச்சி, கூட்டுக்கு மறைவு, அடைகாலத்தில் பாதுகாப்பு, மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும் என்பது அவர் முடிவு.

வண்டுக்கு ஒரு மேடு

எண்ணியவர்கள் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. வழியும் கண்டார்கள். அதில் நமக்கு மிகவும் பிடிக்கக்கூடியது 'வண்டு மேடு'.

பெரிய வயலின் நடுவே ஏர் ஓட்டும்போதே மண்ணை இரண்டு பக்கமிருந்தும் ஒதுக்கி, முழங்கால் உயரத்துக்கும் கொஞ்சம் குறைவாக, ஒன்றரை இரண்டு மீட்டர் அகலத்தில் நீளமாக ஒரு மேடு அணைப்பார்கள். அதில் தூர் கட்டி வளரும் புல்லை விதைப்பார்கள். இரண்டு முனையிலும் டிராக்டர் திரும்ப வழி விடுவார்கள். இரண்டு வருடத்தில் அந்தப் புல் தூரில் தரைவண்டும் சிலந்தியும் வந்து குடியேறும். ஹேம்ப்ஷயரில் முதலில் போட்ட மேடுகளில் குளிர்காலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேல் இரைதின்னிப் பூச்சிகள் கிடைத்தன. பருவம் வந்ததும் அவை மேட்டிலிருந்து இறங்கிப் பயிருக்குள் போய் அசுவினியைத் தின்கின்றன. மேட்டுப் புல்லில் கௌதாரி கூடு கட்டுகிறது. நன்மை செய்யும் பூச்சிக்கு வயலுக்குள்ளேயே வீடு. இன்று அங்கே அரசே இதற்கு மானியம் தருகிறது.

பலன் கண்ட இடமும் சசெக்ஸிலேயே இருக்கிறது. ஆருண்டெல் ஊரில் நார்ஃபோக் பிரபுவின் பண்ணையில் 2003-ல் எண்ணியபோது மிச்சம் இருந்தது மூன்று ஜோடிக் கௌதாரி. அடுத்து ஒன்றுமே இருக்காது என்று பாட்ஸ் எச்சரித்தார். வேலி நட்டார்கள், வண்டு மேடு போட்டார்கள், வயல் ஓரத்தைத் தெளிக்காமல் விட்டார்கள், பெரிய வயல்களைச் சிறிதாகப் பிரித்தார்கள், வெளியிலிருந்து சில ஜோடிகளும் கொண்டுவந்து விட்டார்கள், இரைகொல்லிகளையும் கட்டுப்படுத்தினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நூற்றுக்கணக்கான ஜோடி ஆனது. கூடவே வானம்பாடியும், அழிந்துவருகிற வயல் களைப்பூக்களும் திரும்பின. அந்த நிலத்தில் வெள்ளாமை நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பணம் கொடுத்தது யார்?

ஒரு நெருடலான விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை ஆராய்ச்சிக்கும் பெரும்பாலும் காசு கொடுத்தது பறவை மேல் பரிதாபப்பட்டவர்கள் அல்ல, அதைச் சுடுகிறவர்கள். கௌதாரி இருந்தால்தான் வேட்டை. அதனால்தான் அதற்கு 'வேட்டைப் பறவை' என்றே பெயர். 1930-களில் கௌதாரி ஆராய்ச்சிக்கு ஆதரவு கொடுத்தவர்களில் ஐ.சி.ஐ. என்ற ரசாயனக் கம்பெனியும் உண்டு. அதற்கு வேட்டைத் தோட்டா விற்கும் தொழில் இருந்தது. அதே கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில்தான் எம்.சி.பி.ஏ. களைக்கொல்லியும் பிறந்தது. ஒரு கை தோட்டா விற்கக் கௌதாரியை வளர்க்கப் பார்த்தது, இன்னொரு கை அதன் குஞ்சுக்குச் சோற்றை நிறுத்தியது.

ஆனாலும் அவர்களிடம் நாம் கற்க வேண்டிய ஒன்று உண்டு. 1933 முதல் அந்த நாட்டில் 'கௌதாரிக் கணக்கெடுப்பு' நடக்கிறது. எடுப்பது விஞ்ஞானிகள் அல்ல. நிலத்துக்காரர்களும் பண்ணை ஆட்களும். வருடத்துக்கு இரண்டு முறை, வசந்தத்தில் ஜோடியையும் அறுவடைக்குப் பின் குஞ்சையும் எண்ணி அனுப்புகிறார்கள். போஸ்ட்டாக் வேலைக்கு வருகிற பையனும் பெண்ணும் கம்ப்யூட்டரில் போடுகிற கணக்குக்கு அடியில் இருப்பது இந்த விவசாயிகளின் எண்ணிக்கைதான்.

நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரி வேட்டை குற்றம். அது சரியான சட்டம். ஆனால் வேட்டையை விட்ட நாம், கணக்கு வைக்கும் பழக்கத்தைத் தொடங்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் 'முன்னெல்லாம் காலையில தூங்கவிடாமக் கத்தும்' என்று பெரியவர்கள் சொல்வதுதான் இருக்கிற ஒரே பேரேடு.

கிளுவை வேலிக்குள் என்ன இருக்கிறது?

நம்ம ஊர்க் கௌதாரியின் அறிவியல் பெயரிலேயே பாண்டிச்சேரி இருக்கிறது, 'பாண்டிசெரியானஸ்' என்று. அந்த அளவுக்கு இந்த மண்ணின் பறவை. ஆறேழு முட்டைதான் இடும். இதன் குஞ்சும் பூச்சிக்காரக் குஞ்சுதான், கறையான் கிடைத்தால் விருந்து. 15 முட்டை இடுகிற பறவையே தாங்காத கசிவை ஆறேழு முட்டை இடுகிற பறவை எப்படித் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்தின் எண்ணை அப்படியே இங்கே ஒட்டவைக்கக் கூடாது. மண் வேறு, பருவம் வேறு. ஆனால் 'களை, பூச்சி, குஞ்சு' என்ற சங்கிலி இரண்டு இடத்துக்கும் பொதுதான்.

அதோடு வண்டு மேட்டை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதும் இல்லை. காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கத்துக் கொறங்காட்டைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் தூர் கட்டிய கொழுக்கட்டைப்புல். கூட்டுக்கு மறைவு, குஞ்சுக்குப் பூச்சி, இரவு ஏறித் தங்க முள்மரம். ஆருண்டெல் பிரபு காசு போட்டு உண்டாக்கியதை நம் முன்னோர் மாட்டு மேய்ச்சலுக்காக உண்டாக்கி வைத்திருந்தார்கள். இப்போது கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடுகிறோம்.

களைக்கொல்லி விஷயத்தில் நம் நிலைமை உங்களுக்கே தெரியும். 2022-ல் மத்திய அரசு கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே தெளிக்கலாம் என்று அறிவித்தது. ஊரில் நான் பார்ப்பது வேறு. "களை புடுங்க ஆளெங்கங்க இருக்குது?" என்று கேட்கும் நண்பரை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. கூலி அப்படி, ஆள் பற்றாக்குறை அப்படி. அவரிடம் முழு வயலுக்கும் வாதாடுவதைவிட, "வரப்பையும் வேலியோரத்தையும் மட்டுமாவது விட்டுவிடுங்க" என்று கேட்பது எளிது. வரப்புக் களையால் அவர் மகசூல் ஒன்றும் குறையாது. அந்த இருபது அடிக் கணக்கைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்.

நாம் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய செலவு இல்லை.

வேலியோரத்திலும் வரப்பிலும் மருந்து அடிக்க வேண்டாம், தீ வைக்க வேண்டாம். புல் அதிகமானால் ஒரே நாளில் முழுக்க வழிக்காமல், ஒரு பக்கம் இந்த முறை, மறு பக்கம் அடுத்த முறை என்று மாற்றி அறுங்கள். ரோட்டவேட்டரை மூலை முடுக்கு எல்லாம் ஓட்ட வேண்டாம். பெரிய தோட்டமாக இருந்தால் நடுவில் ஒரு மேடு அணைத்துக் கொழுக்கட்டைப்புல் விதையுங்கள். உயிர்வேலி இருப்பவர்கள் அதைக் காப்பாற்றுங்கள். நம் ஊரில் தரைக்கூட்டுக்கு நரியைவிட எமன் அவிழ்த்துவிட்ட நாயும் பூனையும்தான். நரியைக் கொல்ல வேண்டியதில்லை, அடைகாலத்தில் நாயைக் கட்டி வைத்தால் போதும்.

கடைசியாக நோட்டு. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வருடத்துக்கு இரண்டு முறை, கோடை மழைக்குப் பின் ஒரு வாரமும், அறுவடைக்குப் பின் ஒரு வாரமும், அதிகாலையில் அதே வழியில் நடங்கள். தேதி, இடம், பெரியது எத்தனை, குஞ்சு எத்தனை, சத்தம் மட்டும் கேட்டது எத்தனை என்று எழுதுங்கள். கண்ணில் படவில்லை என்றால் '0' என்று எழுதுங்கள். வங்கிக் கணக்கில் பரிவர்த்தனை இல்லாத மாதமும் ஒரு பதிவுதான். அந்த வருடம் என்ன பயிர், வரப்பில் தெளித்தீர்களா, தீ வைத்தீர்களா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். கூட்டைத் தொடவோ முட்டையை எடுக்கவோ வேண்டாம்.

முதல் மூன்று வருடம் அதில் ஒன்றும் தெரியாது. டிக் பாட்ஸுக்கும் முதல் வருடமே எல்லாம் தெரிந்துவிடவில்லை. ஒரே தாலுகாவில் இருபது இயற்கை உழவர்களும், களைக்கொல்லி அடிக்கிற இருபது பேரும் சேர்ந்து பத்து வருடம் எழுதினால், விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவே ஓர் ஆராய்ச்சிக்கு ஆதாரமாகும். பக்கத்துத் தோட்டத்து நண்பரும் நோட்டு வாங்கியிருக்கிறார். அவர் தோட்டம் ரசாயனத் தோட்டம். என் தோட்டத்துக்கும் அவர் தோட்டத்துக்கும் நடுவில் ஒரே ஒரு கிளுவை வேலிதான். இரண்டு நோட்டையும் வருடக் கடைசியில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று பேசியிருக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படி இரண்டு பேர் கிடைத்தால், அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது நோட்டைக் கையோடு எடுத்து வாருங்கள்.